சோலெக்ஸ் மீது ஒரு பொய் வழக்கு

"வண்டி திணறுதுண்ணே, ஐடிலிங் நிக்க மாட்டேங்குது" என்று பழைய கார்க்காரர் ஒருவர் பட்டறை வாசலில் நின்று சொன்னால் போதும். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "பழைய சோலெக்ஸ் சார், அதெல்லாம் செத்துப்போச்சு. கழட்டிப் போட்டுட்டு மாருதி கார்பரேட்டர் மாட்டிடலாம்." கையில் கொஞ்சம் காசு புழங்குகிறவர் என்று தெரிந்தால் யோசனை மாறும்: "ட்வின் கார்பரேட்டர் போடுங்க, இல்லேன்னா வெபர் போடுங்க, பிக்கப் பிச்சுக்கும்." பக்கத்தில் லேப்டாப்போடு ஒரு தம்பி நின்றுகொண்டிருந்தால் மூன்றாவது யோசனையும் உண்டு: "இந்தக் காலத்துல கார்பரேட்டரா? இன்ஜெக்‌ஷனுக்கு மாத்திடுங்க."

சொல்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள், செலவும் வேறு. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. எஞ்சினோடு பிறந்த கார்பரேட்டர்தான் குற்றவாளி, அதைவிடப் பெரியதோ புதியதோ வந்தால் வண்டி குணமாகிவிடும் என்பது அந்த நம்பிக்கை. தமிழ்நாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பெரும்பாலான வண்டிகளில் இது தப்பு. தப்பு என்பதோடு நிற்காமல், நல்ல கார்பரேட்டர்களைக் காயலாங்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தப்பு.

இதைப் பேச மிகப் பொருத்தமான வண்டி மெட்ராஸிலேயே பிறந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் வெளியே விட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சிசி, நான்கு சிலிண்டர். அதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் கையால் 1962இல் வந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் ஊர் ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை. ஹெரால்டு வைத்திருக்கும் பலருக்கு அந்தத் தம்பியின் மேல் ஒரு கண். ஸ்பிட்ஃபயருக்கு இரட்டை எஸ்யூ கார்பரேட்டர். ஹெரால்டு சலூனுக்கு ஒற்றை சோலெக்ஸ். அந்த இரட்டையைக் கொண்டுவந்து மாட்டினால் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயர் ஆகிவிடும் என்பது கணக்கு.

கணக்கை டிரையம்ஃப் நிறுவனம் கொடுத்த எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 1961இல் 1147 சிசி எஞ்சினோடு வந்த ஹெரால்டு 1200க்கு 39 குதிரைத்திறன், ஒற்றை சோலெக்ஸ். அதே அளவு எஞ்சினோடு வந்த ஸ்பிட்ஃபயருக்கு 63 குதிரைத்திறன், இரட்டை எஸ்யூ. இடையே 24 குதிரை. இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் ட்வின் கார்பரேட்டர் கட்சி ஜெயித்த மாதிரிதான். ஆனால் நடுவில் இன்னொரு வண்டி இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 1963இல் வந்த ஹெரால்டு 12/50. அதே 1147 சிசி. அதே ஒற்றை சோலெக்ஸ். குதிரைத்திறன் 51. கம்ப்ரெஷனை ஏற்றினார்கள், கேம் ஷாஃப்டை மாற்றினார்கள். கார்பரேட்டர் எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. 24 குதிரையில் 12 குதிரை அங்கேயே வந்துவிட்டது. மீதி 12க்கு ஸ்பிட்ஃபயர் கம்ப்ரெஷனை இன்னும் ஏற்றிக்கொண்டது. சுவாச வழிகளைத் திறந்துவிட்டது. அவற்றோடுதான் இரட்டை எஸ்யூ வந்தது. எஸ்யூவின் பங்கு அந்தக் கூட்டத்தில் ஒன்று. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு எஸ்யூவை மட்டும் வாங்கி 948 சிசி சலூன் எஞ்சினில் மாட்டுகிறவர், பழைய கேம், பழைய கம்ப்ரெஷன், பழைய சைலன்ஸரோடு எதை எதிர்பார்க்கிறார்?

பெரிய கார்பரேட்டர் என்றால் பெரிய சக்தி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகுதான் சோழவரம் ஓய்ந்தது. ஃபியட் 1100களும் ஹெரால்டுகளும் அங்கே ஓடின; கார்பரேட்டரை மாற்றிக் குடைந்து விளையாடாத பந்தயக்காரர் அபூர்வம். பார்த்தவர்கள் மனதில் அந்தக் காட்சி தங்கிவிட்டது. ஆனால் ஓடுதளம் என்பது நேர்கோடு. அங்கே ஆக்சிலேட்டரை மிதித்தால் மிதித்தபடியே இருக்கலாம். எஞ்சின் தன் உச்சச் சுழற்சியிலேயே வாழும். அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து விக்கிரமங்கலம் போகிறவருக்கு அந்த வாழ்க்கை கிடையாது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, ஓரத்தில் ஆடு, அதைத் தாண்டினால் வேகத்தடை. ஹெரால்டு அந்தச் சாலையில் பெரும்பாலும் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுக்குள்தான் ஓடும்.

அந்த இரண்டாயிரம் சுற்றில்தான் பெரிய கார்பரேட்டரின் குட்டு வெளிப்படுகிறது. கார்பரேட்டருக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடும் சக்தி எதுவும் தனியாகக் கிடையாது. நடுவில் ஒடுங்கிய கழுத்து ஒன்று உண்டு, வெஞ்சுரி. தோட்டத்துக் குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கிற மாதிரி, அந்தக் கழுத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்கும். கழுத்தை அகலமாக்கினால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும், இழுப்பு விழுந்துவிடும். எவ்வளவு விழும்? விட்டம் கூடக் கூட, அதன் நான்காம் அடுக்கின்படி. 24 மி.மீ. கழுத்தை 30 மி.மீ. ஆக்கினால், அதே காற்றோட்டத்தில் இழுப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி மூச்சடைத்து நின்று பிறகு பாய்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். அந்தப் பாய்ச்சலைப் "பிக்கப்" என்று வேறு சிலர் மெச்சிக்கொள்கிறார்கள்! முன்னால் வந்த மூச்சடைப்பைக் கணக்கில் சேர்த்தால் வண்டி மெதுவாகிவிட்டது என்பது புரியும்.

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை உள்ளிழுக்கும். 948 சிசி என்றால் ஒரு சுற்றுக்கு 474 சிசி. ஐயாயிரம் சுற்றில் நிமிடத்துக்கு 2370 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை; எண்பது சதவீதம் என்று வைத்தால் 1900 லிட்டர். பிரிட்டனில் வந்த முதல் ஹெரால்டு சலூனுக்கு 28 மி.மீ. வாயுள்ள பி28 வகை சோலெக்ஸை டிரையம்ஃப் பொறியாளர்கள் பொருத்தியது கஞ்சத்தனத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான். அதற்கு மேல் திறந்துவிட்டால் எஞ்சின் குடிக்காது. 40 மி.மீ. வாயோடு இரண்டு குழல் கொண்ட வெபர் 40 டிசிஓஇ அருமையான கருவி, சந்தேகமே இல்லை. எதுவார்தோ வெபர் பொலோனியாவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் பந்தய உலகில் நிலைத்ததே அதன் ஒவ்வொரு பாகத்தையும் மாற்றியமைக்கலாம் என்பதால்தான்: வெஞ்சுரி, மெயின் ஜெட், ஏர் ஜெட், எமல்ஷன் டியூப், எல்லாமே. ஆனால் மாற்றியமைக்கலாம் என்றால் மாற்றியமைத்தே ஆக வேண்டும் என்றுதான் பொருள். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிற வெபர் யாருடைய எஞ்சினுக்கும் பொருந்தாது. சீன நகலாக இருந்துவிட்டால் அதன் ஜெட் மேலே பொறித்த எண்ணையாவது நம்பலாமா என்பதே கேள்வி.

வேகம் வேண்டும் என்கிறவர்களுக்குக் கோயம்புத்தூர் ஒரு நல்ல பதில் கொடுத்திருக்கிறது. எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். உள்ளே இருந்தது தெருவில் ஓடும் மாருதி 800இன் 796 சிசி எஞ்சின். நாற்பது குதிரையைத் தொடாத எஞ்சின். பாரத்தைக் குறைத்தார், தாழ்வாகக் கட்டினார், ஒரு தலைமுறைப் பந்தயக்காரர்கள் அதில் ஓட்டக் கற்றார்கள். நரேன் கார்த்திகேயனும் அவர்களில் ஒருவர். வேகத்துக்கு வழி கார்பரேட்டரின் வாயில் மட்டும் இல்லை.

மாருதி கார்பரேட்டர் பற்றிய பேச்சு வேறு மாதிரி. அது பேராசையில் பிறந்த யோசனை இல்லை, சௌகரியத்தில் பிறந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985இல் யூகால் நிறுவனத்தைத் தொடங்கின. அதன்பின் மிகுனி வகைக் கார்பரேட்டர் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும் சரக்கானது. பத்மினி டாக்ஸி ஓட்டியவர் அதை மாட்டி மைலேஜ் பார்த்தார் என்றால் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைய வாடகை அன்றைக்கே வர வேண்டிய பிழைப்பு அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துடைத்துவைத்து ஓட்டும் ஹெரால்டுக்கு அந்த அவசரம் இல்லையே.

மாருதியின் கார்பரேட்டர் மூன்று சிலிண்டருக்காக, அதன் மேனிஃபோல்டுக்காக, அதன் வால்வு நேரத்துக்காக அளந்து செய்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் 240 பாகைக்கு ஒரு முறை இழுக்கும். நான்கு சிலிண்டர் 180 பாகைக்கு ஒரு முறை. நடுவில் வைக்கும் அடாப்டர் தகட்டை லேத்தில் கடைந்து, இரண்டு பேக்கிங் போட்டு, ஏர் ஃபில்டருக்குப் புதிதாக ஒரு வளைவு வெல்டு வைத்து மாட்டிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயை எங்கே சொருகுவது என்று தெரியாமல் ஒரு போல்ட்டால் அடைத்துவிடுகிறார்கள். அதோடு வேக்குவம் அட்வான்ஸ் போயிற்று. அரை ஆக்சிலேட்டரில் மைலேஜும் போயிற்று. ஆனாலும் வண்டி முன்பைவிட நன்றாக ஓடுவதாக உரிமையாளர் சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாகத்தான் ஓடும். எதனால் என்பதில்தான் ஏமாறுகிறார். கார்பரேட்டரை மாற்றும்போது பழைய பேக்கிங் போய்ப் புதியது வந்தது. ஆடிக்கொண்டிருந்த ஸ்பிண்டில் போய் ஆடாத ஸ்பிண்டில் வந்தது. கூடவே பிளக்கும் பாயிண்ட்டும் புதிதாக வந்தன. இந்தச் சில்லறை வேலைகளைப் பழைய சோலெக்ஸுக்கே செய்திருந்தால் அதே பலன் கிடைத்திருக்கும்.

அந்தச் சில்லறை வேலைகள்தான் உண்மையான விஷயம். அவற்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், கார்பரேட்டரைத் தொடவே கூடாது. வால்வு இடைவெளி சரியா என்று பார்க்க வேண்டும். ஹெரால்டுக்குக் குளிர்ந்த நிலையில் கால் மில்லிமீட்டர். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. கண்டன்ஸர், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் ஆட்டம், நான்கு சிலிண்டர் கம்ப்ரெஷன். மிஸ்ஸிங் என்று வரும் வண்டிகளில் எத்தனையோ வண்டிகளின் நோய் இங்கேயே பிடிபட்டுவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கார்பரேட்டருக்குப் போகும் மெக்கானிக், வெளியே தெரியும் திருகைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்க முடியாதவர்.

இவை எல்லாம் சரி, இன்னும் ஐடிலிங் நிற்கவில்லை என்றால் திராட்டில் ஸ்பிண்டிலை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டு பழைய சோலெக்ஸில் அது ஆடும். சுழலும் தண்டுக்கும் கார்பரேட்டர் உடம்புக்கும் இடையில் புகுந்த மண் அந்தத் துளையை நீள்வட்டமாக்கிவிட்டிருக்கும். ஐடிலிங்கில், ஸ்பிண்டிலோடு திரும்பும் பட்டர்ஃப்ளைத் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று அதன் விளிம்பில் உள்ள மயிரிழை இடுக்கு வழியாகத்தான். மேனிஃபோல்டில் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. அப்போது ஸ்பிண்டிலின் இரண்டு பக்க இடுக்கு வழியாகவும் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. கலவை வற்றுகிறது, எஞ்சின் தள்ளாடுகிறது. மெக்கானிக் ஐடில் திருகை ஏற்றுகிறார். பட்டர்ஃப்ளை கொஞ்சம் திறந்து, அடுத்த கட்டத்துக்கென்று வைத்த சிறு துளைகள் வெளிப்பட்டுவிடுகின்றன. பெட்ரோல் அங்கிருந்து வர ஆரம்பித்ததும் மிக்ஸர் திருகு எதற்கும் பதில் சொல்வதில்லை. "திருகு வேலை செய்யல, கார்பரேட்டர் போச்சு" என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. வேகத்தில் அதே வண்டி ஒழுங்காக ஓடும், ஏனென்றால் திராட்டில் திறந்தால் உறிஞ்சல் குறையும், அந்த இடுக்குக் காற்றும் பொருட்டாகாது. ஐடிலிங்கில் மட்டும் கோளாறு, ஓட்டத்தில் சுகம் என்றால் வாங்க வேண்டியது வெபர் இல்லை, இரண்டு வெண்கல புஷ்.

இந்த புஷ் வேலை திருச்சியிலோ கோவையிலோ நல்ல லேத்காரருக்கு அரைநாள் வேலை. ஆனால் கவனம் வேண்டிய வேலை. பட்டர்ஃப்ளையைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகுகளின் முனையைத் தொழிற்சாலையிலேயே தட்டி விரித்து விட்டிருப்பார்கள், கழன்று விழாமல் இருக்க. அந்த முனையை அராவி எடுக்காமல் பலவந்தமாகத் திருகினால் ஸ்பிண்டிலின் மரை போய்விடும். திரும்ப மாட்டும்போது புதுத் திருகு போட்டு முனையை மறுபடி விரிக்காவிட்டால், ஒரு நாள் அது கழன்று நேராக சிலிண்டருக்குள் போகும். துளைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பட்டர்ஃப்ளையை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பைச் சுற்றி ஒளி சமமாகத் தெரிய வேண்டும். திருகை இறுக்குவது அதற்குப் பிறகு.

அடுத்தது, மேனிஃபோல்டின்மேல் உட்காரும் ஃப்ளேஞ்ச். காற்று கசிகிறது என்று நட்டை இறுக்குவார்கள், துத்தநாகக் கலவை வளையும், வளைந்தால் இன்னும் கசியும், இன்னும் இறுக்குவார்கள். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை விரித்து, ஃப்ளேஞ்சை எட்டு வடிவத்தில் தேய்த்தால் நேராகிவிடும். செலவு ஒரு எமரி பேப்பர்.

ஜெட் அடைத்துக்கொண்டால் நம் பட்டறைகளில் கம்பி விடுவது வழக்கம். வயர் பிரஷ்ஷிலிருந்து ஒரு இழையைப் பிடுங்கிக் குத்திவிடுவார்கள். இந்தப் பழக்கம் செய்திருக்கும் அநியாயத்தை எண் சொல்லும். 0.50 மி.மீ. ஐடில் ஜெட் வெறும் 0.03 மி.மீ. அகன்றால் அதன் பரப்பு 12 சதவீதம் கூடிவிடும். அதன்பின் "இந்தக் கார்பரேட்டர் பெட்ரோல் குடிக்குது" என்று அதன் மேலேயே பழி. கிளீனரில் ஊறவைத்து ஏர் அடித்தால் போதும். போகவில்லையென்றால் அல்ட்ராசானிக் தொட்டி. ஆசிட்டில் போட்டு எடுப்பவர்களும் உண்டு. துத்தநாகத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பது எட்டாம் வகுப்பு ஆய்வகப் பாடம்.

ஃப்ளோட்டைக் காதோரம் வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும், ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் தாராளமாக ஈயம் வைத்தால் ஃப்ளோட் கனத்துவிடும், தாழ மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறும். மட்டத்தைச் சரிசெய்ய சோலெக்ஸில் நிடில் வால்வின் அடியில் ஒரு வாஷர் இருக்கிறது. அதன் தடிமன்தான் மட்டம். இது தெரியாமல் கழற்றும்போது கீழே விழுந்த வாஷரை விட்டுவிடுவதும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டாகப் போடுவதும் சர்வ சாதாரணம். ஒரு வாஷரில் வரும் கோளாறுக்கு ஒரு கார்பரேட்டரே பலி. மெக்கானிக்கல் பம்ப்புக்குப் பதிலாக வேறு ஏதோ வண்டியின் எலக்ட்ரிக் பம்ப்பை மாட்டியிருந்தால் கதை இன்னும் மோசம்: அதன் அழுத்தம் நிடில் வால்வையே தள்ளித் திறந்துவிடும், பெட்ரோல் பொங்கும்.

கோடையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது என்பதும் சோலெக்ஸின் குற்றப்பத்திரிகையில் உள்ள ஒரு வரி. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிவதால் வருவது அது. மே மாதத்தில் நாற்பது பாகையைத் தொடும் ஊரில் எந்தக் கார்பரேட்டருக்கும் வரும். அம்பாசடர் ஓட்டுநர்கள் ஃபியூயல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றிய ஊர் இது. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே ஒரு பேக்கலைட் தடுப்பு இருக்க வேண்டும். அது உடைந்தபோது வெறும் பேக்கிங்கோடு மாட்டிவிட்டுப் போன கை யாருடையதோ.

விக்கிரமங்கலம் போன்ற ஊர்களுக்கென்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு: தூசி. அரியலூர்ச் சீமை பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசின் டான்செம் என்று சிமென்ட் ஆலைகள் வரிசையாக வந்தன. லாரிகள் போகும் சாலையில் எழும் புழுதியில் சுண்ணாம்புத் தூள் மென்மையானதுதான். கூட வரும் மணல் துகள்தான் எஃகையே கீறும். பந்தயக் காரில் பார்த்துவிட்டு, ஃபில்டர் இல்லாமல் எக்காளம் போன்ற திறந்த வாய்க் குழல்களை வெபருக்கு மாட்டிக்கொள்ளும் ஆசை சிலருக்கு உண்டு. பந்தய எஞ்சினைச் சில பந்தயங்களுக்கு ஒரு முறை பிரித்து ரிங் மாற்றுவார்கள். செந்துறை சாலையிலும் ஜெயங்கொண்டம் சாலையிலும் அந்தக் கோலத்தில் ஓடினால் போரும் ரிங்கும் தேய்ந்து எண்ணெய் புகையும். ஹெரால்டின் பழைய ஏர் கிளீனர் டப்பா அழகில்லைதான். அதைக் கழற்றக் கூடாது.

பெட்ரோல் மாறிவிட்டதே, பழைய கார்பரேட்டர் அதற்கு ஈடுகொடுக்குமா என்பது எதிர்த்தரப்பின் கேள்விகளில் நியாயமானது. 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் விற்பனை தொடங்கியது. இன்று பங்க்கில் கிடைப்பதே அதுதான். கரும்பு விளையும் மாவட்டத்துக்காரர்களுக்கு எத்தனால் அந்நியமில்லை. சாத்தமங்கலத்தில் கோத்தாரி ஆலையும் பக்கத்து மாவட்டத்தில் எறையூர் ஆலையும் அரைக்கும் கரும்பின் சாறு எங்கே போகும் என்பதைப் பேசாத டீக்கடை இல்லை. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பூஞ்சையாய் உப்பு பூக்க வைக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் இது மாருதி கார்பரேட்டருக்கும் வரும், வெபருக்கும் வரும். மாற்ற வேண்டியது டயஃப்ரம், ஓ ரிங், பெட்ரோல் குழாய், நிடில் வால்வின் முனை.

கலவைக் கணக்கும் அவ்வளவு பயங்கரமில்லை. ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் 13.5 கிலோ அளவுக்கு வரும். அதாவது அதே காற்றுக்கு எட்டு சதவீதம் போல் கூடுதலாக எரிபொருள் விட வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டின் எண் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. 120 என்றால் 1.20 மி.மீ. அதை 125 ஆக்கினால் பரப்பு எட்டரை சதவீதம் கூடும். இ20க்கு ஈடுகொடுக்கப் பழைய கார்பரேட்டருக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு ஜெட், ஒரு எண் பெரியதாக. பிளக்கின் நிறத்தைப் பார்த்து அதையும் முடிவு செய்யலாம்.

இன்ஜெக்‌ஷன் தம்பி இங்கே குறுக்கிடுவார்: "எங்க சிஸ்டம் இதைத் தானே சரிசெஞ்சுக்கும்." சரிதான். ஆக்சிஜன் சென்சார் வைத்த இன்ஜெக்‌ஷன் புகையிலும் மைலேஜிலும் எந்தக் கார்பரேட்டரையும் தோற்கடிக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது புது வண்டிகளிலிருந்து கார்பரேட்டர் விடைபெற்றது நியாயமான முடிவு; அதை எதிர்த்து வாதாட இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் 1960களின் ஹெரால்டில் அதைப் பொருத்த என்னவெல்லாம் வேண்டும்? மூன்று பார் அழுத்தம் தரும் பம்ப், டேங்குக்குத் திரும்பிப் போகும் இன்னொரு குழாய், துரு இல்லாத டேங்க், கிராங்க் சென்சாருக்குப் பல்சக்கரம், சைலன்ஸரில் சென்சார் துளை. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டியது சுமார் இருபது ஆம்பியர் தரும் பழைய லூகாஸ் டைனமோ. ஹெட்லைட்டுக்கே பாதி போய்விடும். ஐடிலிங்கில் டைனமோ ஒன்றும் தராது. ஆகவே டைனமோவும் போய் ஆல்டர்னேட்டர் வரும், வயரிங் போகும், ஃபியூஸ் பாக்ஸ் போகும். வழியில் நின்றுவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது. லேப்டாப்புக்காரர் சென்னையிலிருந்து வர வேண்டும்.

பழைய கார்பரேட்டரே கையில் இல்லை, முந்தைய உரிமையாளர் எடைக்குப் போட்டுவிட்டார் என்றால்? அப்போது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கேயும் விதி மாறாது: எஞ்சினின் கொள்ளளவு, நிஜமாக ஓட்டப்போகும் சுழற்சி, அதற்கேற்ற வெஞ்சுரி. அதே எண்ணுள்ள சோலெக்ஸ் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். அம்பாசடரும் பத்மினியும் அத்தனை ஓடிய நாட்டில் சோலெக்ஸ் பாகம் அரிய பொருள் இல்லை. கிடைக்காவிட்டால் நெருங்கிய அளவில் ஒன்று. இரட்டை எஸ்யூதான் வேண்டும் என்று மனம் அடங்கவில்லையா, தாராளமாக. அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த அமைப்பு வெஞ்சுரியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும், ஆகவே சின்ன சுழற்சியில் வெபரைப் போலத் திணறாது. ஆனால் கேம், ஹெட், சைலன்ஸர் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, எஞ்சினுக்கேற்ற நிடிலைத் தேடி, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் மூச்சையும் சமப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுத்துப் போடுங்கள்.

அதுவரை பட்டறையில் கழற்றிய சோலெக்ஸை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். உடம்பில் பொறித்த எண்ணையும் ஒவ்வொரு ஜெட்டின் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, வாஷரோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். லேத்காரரிடம் போக அது போதும்.